கட்டுகஸ்தோட்டை: ஆறும் மலையும் மக்களும்

கண்டி மாநகரின் வட எல்லையில், நகர மத்தியிலிருந்து சுமார் 5 கிலோமீற்றர் தூரத்தில், மகாவலி கங்கைக் கரையில் அமைந்திருப்பது கட்டுகஸ்தோட்டை. பெயரைக் கேட்போர் இதனை ஒரு தோட்டம் என எண்ணுவதுண்டு. சிங்களத்தில் 'கட்டு' என்பது முள்; 'கஸ்' என்பது மரம்; 'தொட்ட' என்பது ஆற்றுத்துறை. எனவே இது முள்மரத் துறையாகும்.

நில அமைப்பு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 அடி உயரத்தில் உள்ள இப்பிரதேசம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்காகும். தெற்கே ஹந்தானை மலையும் வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரும் உள்ளன. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி, கண்டி நகரை மேற்கு, வடக்கு, கிழக்கு ஆகிய மூன்று திசைகளிலும் வளைந்து செல்கின்றது. அக்குறணைப் பக்கமிருந்து வரும் பிங்கா ஓயாவும் இங்கே அதனுடன் கலக்கின்றது.

யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி இவ்வூரினூடாகவே செல்கின்றது. குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் ஏ-10 வீதி இங்கிருந்து ஆரம்பமாகின்றது. 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மாத்தளைப் புகையிரதப் பாதையும் இங்கேதான் ஆற்றைக் கடக்கின்றது.

காலநிலை

ஆண்டுச் சராசரி வெப்பநிலை 24 முதல் 25 பாகை செல்சியஸ். மழைவீழ்ச்சி சுமார் 1800 மில்லிமீற்றர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பம் அதிகம். மார்கழி, தை மாதங்களில் அதிகாலைக் குளிர் மிகும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை தரும். ஆயினும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்யும் பிற்பகல் இடிமழையே பெரியது. பெப்ரவரி வரண்ட மாதம்.

மக்கள்

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்ட மக்கள் தொகை சுமார் 13 இலட்சத்து 75 ஆயிரம். நூற்றுக்கு 74 பேர் சிங்களவர். 14 பேர் அளவில் முஸ்லிம்கள். 11 பேர் அளவில் தமிழர். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த எம்மவர் முன்னோரில் பலர் கண்டிக்குச் செல்ல இத்துறையையே கடந்தனர். நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மாண்டோர் ஏராளம். எஞ்சியோரின் சந்ததியினர் இன்றும் வத்துகாமம், மடுல்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலும் நகரக் கடைவீதிகளிலும் வாழ்கின்றனர்.

ஆற்றைக் காத்தல்

கண்டிப் பெருநகருக்கான குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகஸ்தோட்டையில் உள்ளது. சற்றுக் கீழே, 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்ல அணையிலிருந்து ஆற்று நீரின் ஒரு பகுதி சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியே உக்குவளைக்குச் சென்று, மின்சாரம் தந்தபின் வடக்கே வயல்களுக்குப் பாய்கின்றது. மீதி நீர் கிழக்கே ஓடி, ஒரு கிளையாக வெருகல் முருகன் சந்நிதியைத் தொட்டுக் கடலை அடைகின்றது. இங்கே ஆற்றில் எறியப்படும் குப்பை இவ்வூரோடு நிற்பதில்லை. அது வடக்கே உழவனின் வயலுக்கும் கிழக்கே அடியார் நீராடும் தீர்த்தத்துக்கும் போய்ச் சேரும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பல உயிர்களை இழந்தது. மலைச்சரிவில் மரத்தை வெட்டாமலும், நீரோடும் வழியை மறித்துக் கட்டாமலும், பூசைக்குப்பின் பொலித்தீனையும் மாலைகளையும் ஆற்றில் விடாமலும் இருப்பது ஒவ்வொரு குடும்பத்தாலும் ஆகக்கூடிய காரியம். முன்னோரைக் கரைசேர்த்த துறையைத் தூய்மையாக வைத்திருப்பதும் திருப்பணியே.