படகு எஞ்சின் விட்டுவிட்டு ஓடினால்: பிழையைக் கரையிலேயே கண்டுபிடியுங்கள்

நீண்ட காலம் கொட்டிலில் கிடந்த எஞ்சினைத் திருத்தித் தொழிலுக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியான எஞ்சின் கரையில் நன்றாக ஸ்ராட் ஆகும். ஆழத்துக்குப் போனதும் ‘மிஸ்’ அடிக்கத் தொடங்கும். உடனே புதுக் கொயில் வாங்கப் போகாதீர்கள். பிழை ஒரு பிளக் மூடியில் இருக்கலாம். மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

தொடங்குமுன்

• எரிபொருள் ராங்கியைத் தூர வையுங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பீடி, சிகரெட் வேண்டாம்.
• கியர் நியூற்றலில் இருக்கட்டும்.
• எஞ்சினைக் கரையில் ஓடவிடுவதானால் அதன் கால் தண்ணீர் நிரம்பிய பீப்பாவுக்குள் நிற்க வேண்டும். தண்ணீரின்றி ஓடினால் தண்ணீர் பம்ப் எரிந்துவிடும்.

பிழை எரிபொருளிலா, தீப்பொறியிலா?

எஞ்சின் விக்கும்போது எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் உருண்டையை அமத்துங்கள். ஓட்டம் சீரானால் பிழை எரிபொருள் பக்கம்: குழாய், வடி அல்லது பம்பைப் பாருங்கள். மாற்றம் இல்லாவிட்டால் கீழுள்ள ஒழுங்கில் போங்கள்.

1. பிளக்
எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வையுங்கள். ஒன்று காய்ந்து மண்ணிறமாகவும் மற்றது நனைந்து கறுப்பாகவும் இருந்தால், நனைந்த பிளக் இருந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இரண்டையும் இடம்மாற்றிப் பூட்டுங்கள். பிழையும் கூடவே மாறினால் பிளக்கை மாற்றினால் போதும். பிளக் இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும்; கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள்.

2. மூடியும் வயரும்
பிளக்கை மூடியில் செருகி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் உடலில் நன்றாக முட்டவைத்து, பிளக் துளைகளிலிருந்து தள்ளி, கயிற்றை இழுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்க வேண்டாம். கடுமையாகச் சொக் அடிக்கும். நீலப் பொறி பளிச்சென்று பாய வேண்டும். மஞ்சளாக, பலவீனமாக வந்தால் மூடியின் உள்ளே கறள் அல்லது பச்சைக் களிம்பு உண்டா என்று பாருங்கள். வெடித்த மூடியிலிருந்தும் வயரிலிருந்தும் பொறி வெளியே பாய்வது இருட்டில் நன்றாகத் தெரியும்.

3. நிறுத்தும் சுவிச்
பொறியே இல்லையா? நிறுத்தும் சுவிச்சின் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் பிழை சுவிச்சில் அல்லது அதன் வயரில். இந்த நிலையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். சுவிச்சால் அதை நிறுத்த முடியாது.

4. ஏர்த் வயரும் கொயிலும்
உப்புக் காற்றில் ஏர்த் வயரின் முனை அரித்துப்போகும். கழற்றிச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கொயில் இருந்தால் அவற்றை இடம்மாற்றுங்கள். பிழை கொயிலோடு போனால் மட்டும் புதியது வாங்குங்கள். குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் மிஸ் அடித்து, ஆறியபின் மீண்டும் சரிவரும் எஞ்சினில் கொயிலைச் சந்தேகிக்கலாம். அதைச் சூடாக இருக்கும்போதே சோதியுங்கள்.

5. பொயின்ற்
மிகப் பழைய எஞ்சின்களில் பிளைவீலுக்குக் கீழே பொயின்ற் இருக்கும். அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். சுத்தியலால் அடிக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். இதுவரை பார்த்தவற்றை அவரிடம் சொன்னால் வேலை சுருங்கும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்போருக்கு

பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடான பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலில் சிறிது நேரம் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் பிளக் நனைந்து கறுத்து, அடுத்த நாள் விடிய ஸ்ராட் ஆகாது.

கடலுக்குப் போகுமுன்

திருத்திய எஞ்சினை முதல் நாளே ஆழத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கரை தெரியும் தூரத்தில் அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். மாற்றுப் பிளக் இரண்டு, பிளக் சாவி, துடுப்பு, குடிதண்ணீர் ஆகியவை எப்போதும் படகில் இருக்கட்டும். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.