ஓட்டை ஏன் கறுப்பாக இல்லை?

அன்புள்ள கண்ணு,

திருவொற்றியூர் பஸ் நிறுத்தத்தில் நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. கண்ணில் குருட்டுப் புள்ளி என்ற ஓட்டை இருக்கிறதென்றால் பார்வையில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிய வேண்டாமா என்றாய். உன் கைடு புத்தகத்திலும் அப்படித்தான் கறுப்பு வட்டம் போட்டிருக்கிறது. வரைந்த ஆள் கையில் கிடைத்தால் காதைத் திருகுவேன்.

உன் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? கறுப்பா? இருட்டு வேறு, இல்லாமை வேறு.

பௌர்ணமிக்கு மறுநாள் காசிமேட்டுக்கு வா. அன்றைக்கு இருட்டிய பிறகுதான் நிலா எழும். கடலை விட்டு அது கிளம்பிய சில நிமிஷத்துக்குள், கையை நீட்டி, நிலாவுக்கு இடப்பக்கம் ஒன்றரை முஷ்டி தள்ளி, நங்கூரம் போட்டிருக்கும் கப்பல் விளக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார். இடக்கண்ணை மூடி அந்த விளக்கையே பார். கொஞ்சம் முன்னே பின்னே பார்வையை நகர்த்தினால் ஓரிடத்தில் நிலா காணாமல் போகும். அங்கே பொட்டும் இருக்காது, பொத்தலும் இருக்காது; பக்கத்து வானம் வந்து மூடியிருக்கும். நிலா அரைப் பாகை அகலம், ஓட்டையோ 5 பாகைக்கு மேல். பத்து நிலாவை வரிசையாக உள்ளே தள்ளலாம். பத்து நிலா, கண்ணு!

ராயபுரத்தில் என் பெரியப்பா, துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர், கடைசிக் காலத்தில் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். "ஒவ்வொருத்தனும் பக்கத்துல திடீர்னு முளைக்கிறான்" என்று திட்டுவார். இருட்டாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கிளாக்கோமா; அவர் பார்வையிலும் ஓட்டை விழுந்திருந்தது. மோவாயைத் தாங்கியில் வைத்து, வெளிச்சம் மினுக்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதிக்கு அவர் அழுத்தவே இல்லை. "மிஷின் ரிப்பேரு" என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்பினார்.

1819-இல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய எலியட், கிளாக்கோமாவுக்குக் கண்ணில் சிறு துளை போடும் அறுவையால் பேர் வாங்கியவர். லண்டன் திரும்பியபின் அங்குள்ள மாயவித்தைக்காரர் சங்கத்தில் சேர்ந்து, 1930-களில் நம்மூர்க் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று மல்லுக்கட்டினார். என் ஊகம் இது: கண்ணின் ஓட்டையை மூளை ஒட்டுப்போட்டு மறைப்பதைத் தினமும் பார்த்த மனுஷருக்கு, "என் கண்ணாலே பார்த்தேன்" என்கிற சாட்சியம் எப்படி எடுபடும்? உன் டீச்சர் ஒப்புக்கொள்ள மாட்டார். வேண்டாம்.

எண்ணூர் சாலைக் கண்டெய்னர் லாரி டிரைவருக்குத் தெரியாத மூலையையும் குருட்டுப் புள்ளி என்பார்கள்; ஆனால் அது இதில் சேராது. அது பக்கக் கண்ணாடியில் விழாத இடம். இரண்டையும் போட்டுக் குழப்பாதே. லாரிக்கு இடப்பக்கமாகச் சைக்கிளைக் கொண்டுபோகாதே.

மேகம் போட்டிருந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தாத்தா