பூவாறில் ஒரு நாள்: நெய்யாற்றைக் கற்போம்

திருவனந்தபுரத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் காவிரியும் வைகையும் பாடப்புத்தகப் பெயர்கள். பக்கத்திலேயே ஓடும் நெய்யாற்றுக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால்தான் சென்ற விடுமுறையில் எங்கள் குடும்பமும் இன்னொரு குடும்பமும் சேர்ந்து, பூவாறில் ஒரு மோட்டார் படகை வாடகைக்கு எடுத்தோம்.

நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து, சுமார் 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலை அடைகிறது. தமிழுக்கு இலக்கணம் தந்ததாக மரபு சொல்லும் அகத்தியரின் பெயரைத் தாங்கிய மலை அது.

படகு புறப்பட்டதும் இரு கரையிலும் மரங்கள் நெருங்கின. வேர்கள் சேற்றுக்கு மேலே கால்கள் போல நிற்கும். "இது கண்டல்" என்றார் படகோட்டி. மலையாளச் சொல் என்று என் மகள் குறித்துக்கொண்டாள். நம் சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் தாழையோடு சேர்ந்து வருவதும் இதே கண்டல்தான் என்றேன். நம்பாமல் பார்த்தாள், வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிய பிறகே ஒப்புக்கொண்டாள்.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. இந்த முகத்துவாரத்தை இங்கே பொழி என்கிறார்கள். குமரி மாவட்டத்திலும் பொழிமுகம் என்றே சொல்வார்கள். ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் அலைகள் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி அதை உடைக்கும். சில சமயம் கரையோர வீடுகளில் தண்ணீர் புகாமலிருக்க ஆட்களே வெட்டிவிடுவதும் உண்டு. ஆறு கடலில் கலக்கிறது என்று ஒரு வரியில் படிப்பதற்கும் இதை நேரில் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

பூவாறிலிருந்து தெற்கே ஒரு கால்வாய் உண்டு. பெயர் சற்று நீளம்: அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க, உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் 1860-ல் தொடங்கிய வேலை இது. முழுத் திட்டமும் நிறைவேறவில்லை. பூவாறு, பொழியூர், நீரோடி, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு வரைதான் வெட்டினார்கள். அப்போது இரு பக்கமும் ஒரே திருவிதாங்கூர். இன்று பொழியூர் கேரளம், அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாடு. கால்வாயின் பல பகுதிகள் தூர்ந்து, பாசி மூடிக் கிடக்கின்றன.

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் நெய்யாறு அணைத் திட்டம் அதற்கு முன்பே, திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில் வகுக்கப்பட்டது. 1958-ல் அணை முடிந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தந்தது. 2004-ல் அந்தத் தண்ணீர் நின்றது. ஆறு முழுவதும் எங்கள் மாநிலத்தில்தான் ஓடுகிறது என்பது கேரளத்தின் வாதம். நீர்ப்பிடிப்பில் எங்கள் நிலமும் உண்டு, திட்டமே இரு பகுதிக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது.

இங்கேயே பிழைத்து, அங்கே உறவுகளை வைத்திருக்கும் நமக்கு இதில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது எளிதல்ல. ஆனாலும் வாய்க்கால் வற்றிய விவசாயிக்கு எல்லைக்கோடு காரணமாகச் சொல்லப்படுவது எனக்கு ஏற்கவில்லை. இதைப் படகிலேயே சொன்னேன். கூட வந்த நண்பர் சம்மதிக்கவில்லை; கரை வரும்வரை வாதம் ஓடியது. பிள்ளைகள் மட்டும் மீன்கொத்தியை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 மே 7-ல் மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள், குழந்தைகள் பலர். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா, குழந்தைக்குரிய அளவில் இருக்கிறதா என்று பார்த்து, மாட்டிய பிறகே படகை அவிழ்க்கச் சொல்லுங்கள். இருட்டும் முன் கரை சேருங்கள். நகரிலிருந்து பூவாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கிழக்கே கோட்டையிலிருந்து விழிஞ்ஞம் வழியாகப் பேருந்து உண்டு.