நடுவில் இல்லாத எஞ்சின்: திருப்புத்திறன் கற்பிக்க ஒரு கார்

பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ அலகு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு காரை வரைந்து, எஞ்சினை நடுவில் வைத்து, ஈர்ப்பு மையத்தையும் நடுக்கோட்டிலேயே குறித்தேன். முன் வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “சார், டிரைவர் ஏறின பிறகும் அது நடுவுலயேவா இருக்கும்?” என்று கேட்டாள். “பரீட்சைக்கு அது வேண்டாம்மா, உட்கார்” என்று சொல்லிவிட்டேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். கேட்டது அவள், தவறாக வரைந்தது நான் என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. மறுநாள் அவள் கேள்வியையே பாடமாக்கினேன். அந்தப் பாடத்தை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எடுத்துக்காட்டு

1957-இல் பிரிட்டனில் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் ‘லோட்டஸ் செவன்’ என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. முழுக் காருக்கு விதிக்கப்பட்ட வரி உதிரிபாகங்களாக வாங்கினால் இல்லை என்பதால், பலர் அதை வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். இன்றும் அதே பாணியில் சட்டகத்தைத் தாமே வெல்டிங் செய்து கார் கட்டுவோர் அங்கு உண்டு. எஞ்சின் முன்னால், இருவர் மட்டும் அமரும் இருக்கை, நம் நாட்டைப் போலவே ஓட்டுநர் வலப்பக்கம். இத்தகைய காரில் சிலர் எஞ்சினை நடுக்கோட்டிலிருந்து சற்று இடப்புறம் தள்ளிப் பொருத்துகிறார்கள். ஸ்டியரிங் தண்டுக்கும் ஓட்டுநர் காலுக்கும் இடம் கிடைப்பது ஒரு காரணம். எடையைச் சமன்செய்வது மற்றொன்று.

கணக்கு

கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட அளவுகள்: கார் 500 கி.கி., ஓட்டுநர் 70 கி.கி., நடுக்கோட்டிலிருந்து அவர் தூரம் 35 செ.மீ., எஞ்சின் 120 கி.கி., இட வலச் சக்கரங்களுக்கு இடையே 130 செ.மீ. ஈர்ப்பு முடுக்கம் இருபுறமும் பொது என்பதால் நிறையையும் தூரத்தையும் மட்டும் பெருக்கலாம்.

ஓட்டுநர் (வலம்): 70 × 35 = 2450
எஞ்சின் 5 செ.மீ. தள்ளினால் (இடம்): 120 × 5 = 600
மீதம் (வலம்): 1850

எஞ்சினைக் கொண்டே முழுதும் சமன்செய்ய 2450 ÷ 120, அதாவது சுமார் 20 செ.மீ. தள்ள வேண்டும். ஒடுக்கமான சட்டகத்தில் அதற்கு இடமிராது.

அடுத்து, நடுவில் இருக்கும் 15 கி.கி. பேட்டரியை இடப்புறம் 50 செ.மீ. தள்ளி வைக்கச் சொன்னேன். 15 × 50 = 750. 120 கிலோ எஞ்சினைவிட 15 கிலோ பேட்டரி அதிகம் உதவுகிறது! வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இது. திருப்புத்திறனைத் தீர்மானிப்பது நிறை மட்டுமல்ல, தூரமும்தான் என்பதை நான் சொல்லவே தேவைப்படவில்லை.

மீதித் திருப்புத்திறனை 2-ஆல் பெருக்கி 130-ஆல் வகுத்தால் வல, இடச் சக்கரங்களின் சுமை வேறுபாடு கிடைக்கும். முதலில் அது சுமார் 38 கி.கி.; எஞ்சினைத் தள்ளியபின் 28; பேட்டரியையும் தள்ளியபின் 17.

செயல்பாடு

தேவை: 30 செ.மீ. அளவுகோல், அறுகோணப் பென்சில், ஒரே வகை நாணயங்கள் 11.

அளவுகோலின் 15 செ.மீ. குறியைப் பென்சில் மேல் வையுங்கள். வலப்புறம் 6 செ.மீ. தூரத்தில் 4 நாணயங்கள், இவை ஓட்டுநர். இடப்புறம் 2 செ.மீ. தூரத்தில் 6 நாணயங்கள், இவை எஞ்சின். அளவுகோல் வலப்புறமே சாயும். மீதமுள்ள ஒற்றை நாணயத்தை, அதாவது பேட்டரியை, எங்கே வைத்தால் சமனாகும்? முதலில் கணக்கிட்டுச் சொல்லட்டும், பிறகு வைத்துப் பார்க்கட்டும். விடை: இடப்புறம் 12 செ.மீ.

ஆசிரியர் கவனத்திற்கு

எஞ்சினைத் தள்ளலாம், ஆனால் திருப்பி வைக்கக் கூடாது. எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு. சாய்வான ஒரு ஜாயின்ட் சுழற்சி வேகத்தை ஏற்றி இறக்கும். மறுமுனையில் அதே கோணம் இருந்தால் அந்த மாற்றம் நீங்கிவிடும். எனவே எஞ்சினின் அச்சு பின்புறப் பல்சக்கர அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். இணைகோடுகளும் ஒன்றுவிட்ட கோணங்களும் எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இது நல்ல பதில்.

சமன்தான் எப்போதும் இலக்கு என்றும் முடித்துவிட வேண்டாம். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயப் பாதையில் திருப்பங்கள் யாவும் இடப்புறமே. 1950-களில் ஃபிராங்க் கர்ட்டிஸ் கட்டிய கார்களில் எஞ்சின் வேண்டுமென்றே இடப்புறம் தள்ளிப் பொருத்தப்பட்டது. இடப்புறம் திரும்பும்போது சுமை வலச் சக்கரங்களுக்கு மாறும். முன்கூட்டியே இடப்புறம் வைத்த எடை அதை ஈடுசெய்யும். அத்தகைய காரில் பில் வுகோவிச் 1953, 1954 ஆண்டுகளில் வென்றார்.

மதிப்பீடு

1. பேட்டரியையும் தள்ளிய காரில், 50 கி.கி. உள்ள ஒருவர் இடப்புறம் 35 செ.மீ. தூரத்தில் அமர்ந்தால் கார் எப்பக்கம் சாயும்? (விடை: இடப்புறம், மிகுதி 650)
2. அப்படியானால் காரைக் கட்டுபவர் ஒருவருக்காகச் சமன்செய்வதா, இருவருக்காகவா? காரணம் கூறுக.

இரண்டாவது கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. அதை என்னிடம் முதலில் கேட்டவளும் அதே மாணவிதான். இம்முறை அவளை உட்காரச் சொல்லவில்லை. சாக்பீஸைக் கொடுத்துக் கரும்பலகைக்கு அழைத்தேன்.