உப்புநீர் மீன் தொட்டி: உழவர் அறிய வேண்டியவை

உப்பு என்றதும் உழவருக்குக் கெட்டுப்போன நிலந்தான் நினைவுக்கு வரும். அதே உப்புநீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பிக் கடல்மீன் வளர்ப்பது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனக் கடலோர ஊர்களைக் கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த ஆசை எழுவது இயல்பே. ஆனால் இதில் இறங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தொட்டியில் மீன் எதனால் பிழைக்கிறது? செலவும் உழைப்பும் எவ்வளவு? கழிவாகும் உப்புநீர் எங்கே போகும்?

தொட்டியின் அளவு

சிறிய தொட்டியே எளிது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. சித்திரை வெயிலில் குட்டை முதலில் வற்றும். கண்மாய் தாங்கி நிற்கும். அதுபோலவே நீரின் அளவு கூடக்கூட வெப்பம், உப்பு, கழிவு ஆகியவற்றின் மாற்றம் மெதுவாகவே நிகழும்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 680 லிட்டர் கொள்ளும். மணலும் மேல் இடைவெளியும் போக, 600 லிட்டர் நீர் நிற்கும். கண்ணாடி, மணல், நீர் சேர்ந்து 800 கிலோவுக்கு மேல் எடை வரும். ஆகவே மாடியிலோ மண் தரையிலோ வைக்காமல், கீழ்த்தளத்தில் உறுதியான சிமெண்டுத் தரையில், வெயில் நேரே படாத இடத்தில் அமைத்தல் வேண்டும்.

நீரும் உப்பும்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. 600 லிட்டருக்கு 21 கிலோ தேவை. ஆனால் சமையல் உப்பு இதற்கு உதவாது. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முதலில் படிந்துவிடும்; மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் கசப்பு நீரில் தங்கிவிடும். நடுவே கிடைப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடே. எனவே இதற்கெனக் கலந்து விற்கப்படும் கடல் உப்பையே பயன்படுத்த வேண்டும்.

கடல்நீரையே கொண்டுவருவோர் படகுத்துறை அருகில் எடுக்கலாகாது, டீசல் கலந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளாறும் ஓடைகளும் கலப்பதால் கரையோர நீரில் உப்பு குறைந்துவிடும். எக்காலத்திலும் ஹைட்ரோமீட்டரால் அளந்து பார்ப்பது அவசியம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் நீர் ஆவியாகலாம். நீர்தான் போகும், உப்பு தங்கிவிடும். எனவே ஆவியான அளவை நல்ல நீரால்தான் ஈடு செய்ய வேண்டும். உப்புநீரை ஊற்றினால், உவர்நீர் பாய்ச்சிய வயலைப் போலவே உப்பு ஏறிக்கொண்டே போகும்.

தொட்டியைப் பக்குவப்படுத்துதல்

புதுத் தொட்டியில் மீன் இறப்பதற்கு முதற்காரணம் அவசரமே. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நாம் வயலில் இடும் யூரியாவுக்கும் இதே மாற்றந்தான் நிகழ்கிறது. வயலில் நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீன் தொட்டியில் அதை எடுக்கப் பயிர் இல்லை. ஆகவேதான் அவ்வப்போது நீர் மாற்ற வேண்டியுள்ளது.

கார நிலத்தில் யூரியா இட்டால் அம்மோனியா வாயுவாக வெளியேறுவதை அறிவோம். கடல்நீரின் கார அமில நிலை 8-க்கு மேல் இருப்பதால், அங்கும் அம்மோனியாவில் நச்சு வடிவின் பங்கு கூடுதலாக இருக்கும். நன்னீர்த் தொட்டியைவிட இங்கு ஆபத்து மிகுதி.

எனவே உப்புநீரை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு அழுகவிட வேண்டும். அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். சோதனைப் பெட்டியால் அளக்கும்போது இரண்டும் பூச்சியத்துக்கு வந்த பின்னரே முதல் மீனை விட வேண்டும். அடியில் கழுவிய கிளிஞ்சல் தூள் பரப்பினால், அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதைப் போல, கார நிலை இறங்காமல் காக்கும்.

மீன் தேர்வு

தொடக்கத்திற்கு ஏற்றது கோமாளி மீன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் இதைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை உருவாக்கியுள்ளது. பொரிப்பகக் குஞ்சுகள் செயற்கைத் தீவனத்தை எளிதில் ஏற்கும். இம்மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. முட்டைகளைப் பெரும்பாலும் ஆணே காக்கிறது. குழந்தைகள் கண்டு கற்க இதைவிட நல்ல பாடம் அரிது.

கடலிலிருந்து தாமே பிடித்து வருவோர் சட்டத்தை அறிதல் வேண்டும். கடற்குதிரை, பவளப்பாறை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. பவளக் கல்லை எடுத்து வருவதும் குற்றமே. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடற்புல்லைத் தோண்டி எடுக்கலாகாது.

பராமரிப்பு

1. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீவனம் இடுக. மிஞ்சும் தீவனம் அம்மோனியாவாகும்.

2. புதிய மீன்களை ஒரே நாளில் விடாமல், இரண்டு வார இடைவெளியில் ஒன்றிரண்டாக விடுக.

3. வெப்பம் 25 முதல் 28 டிகிரி வரை இருத்தல் நன்று. கோடையில் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி ஓட்டினால் மண்பானை நீர் குளிர்வதைப் போலச் சிறிது குளிரும். அது போதாத வீடுகளில் குளிர்விப்பான் தேவைப்படும். இதன் விலை அதிகம்.

4. மோட்டார் முதலியன சேர்ந்து 100 வாட் இழுத்தால்கூட, இரவு பகல் ஓடும்போது மாதம் 72 யூனிட் ஆகும். மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் கட்டாயம்.

5. பூச்சிமருந்து கலந்த வாளியைத் தொட்டிக்குப் பயன்படுத்தாதீர். பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. தாமிர மருந்துகள் இறால் போன்றவற்றைக் கொல்லும். மருந்து தெளித்து வந்த கையை நீரில் விடவே கூடாது.

கழிவுநீர்

வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 60 லிட்டர் உப்புநீர் வெளியேறும். அதில் 2.1 கிலோ உப்பு உண்டு. ஆண்டுக்கு இது 109 கிலோ. ஒரே தொட்டியின் கணக்கு இது.

கடல்நீரின் மின்கடத்துத் திறன் மீட்டருக்குச் சுமார் 50 டெசிசைமன். மண்சாற்றில் 3 டெசிசைமனைத் தாண்டினாலே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். சோடியம் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்வதால், களிமண் இறுகி நீர் இறங்காது போகும். நல்ல நீர் கலந்து ஊற்றினால் போதும் என்பதும் சரியன்று. நீர் கூடினாலும் உப்பு அதே 109 கிலோதான்.

ஆகவே இந்நீரைத் தென்னைப் பாத்தியிலோ, கிணற்றடியிலோ, ஊருணி வாய்க்காலிலோ ஒருபோதும் ஊற்றக்கூடாது. இரண்டு சதுர மீட்டர் பாத்தி கட்டி, கிழியாத தார்ப்பாய் விரித்து அதில் ஊற்றினால் 3 சென்டிமீட்டர் உயரமே நிற்கும். கோடையில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். உப்பைச் சாக்கில் சேர்த்து வைக்கலாம். மழைக்காலத்தில் மூடியுள்ள பீப்பாய்களில் தேக்கி வைத்துப் பின்னர் காயவிட வேண்டும். தொட்டி மீன்களைக் கடலில் விடுவதும் தவறு, நோய் பரவக்கூடும்.

முடிவாக, இது பொழுதுபோக்கே தவிர வருமானத் தொழிலன்று. கடன் வாங்கித் தொடங்கலாகாது. நாள்தோறும் அரைமணி நேரமும், இடைவிடாத மின்சாரமும், கழிவுநீரைக் காயவைக்க இடமும் உள்ளோர் தொடங்கலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நன்னீர் மீன் தொட்டியே மேல். அதன் கழிவுநீரில் கலந்திருக்கும் நைட்ரேட் வாசலிலுள்ள வாழைக்கு உரமாகும்.