இரு காலும் வல்லார்

உதைபந்தாட்டம் காண்போர் பந்தின் பின்னரே கண்ணைச் செலுத்துவர். பந்து வாராத இடத்தில் நிற்கும் வீரன் யாது செய்கின்றான் என நோக்குவார் சிலரே. 90 நிமிட ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து தங்கும் நேரம் மிகச் சிறிது. எஞ்சிய பொழுதெல்லாம் அவன் நடந்தும், மெல்ல ஓடியும், திடீரெனப் பாய்ந்தும், நின்று திரும்பியும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கின்றான். ஆதலின், நெடுந்தூரம் சீராக ஓடப் பழகியதனால் மட்டும் ஒருவன் இவ்வாட்டத்திற்குத் தகுதியுடையவன் ஆகான். பாய்ந்தோடிய களைப்பு முற்றும் தீருமுன் மீண்டும் பாய வல்லவனாதல் வேண்டும். இருபது முப்பது மீட்டர் தூரம் விரைந்தோடிச் சிறிது இளைப்பாறி, பின்னும் பின்னும் ஓடும் பயிற்சி இது கருதியே அமைந்தது. பயிற்சியின் தொடக்கத்தில் மெல்ல ஓடித் தசைகளைச் சூடேற்றாதவன் விரைந்து பாயுங்கால் தொடைத்தசை பிடித்து வருந்துவான்.

இவற்றின் அருமையை உணர்ந்து வீரரைப் பழக்கியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் என்பார். அவர் பள்ளி ஆசிரியராக விளங்கியவர். 1952-ஆம் ஆண்டு எல்சிங்கியில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியில், இந்திய வீரருட் பலர் வெறுங்காலுடன் ஆடினர். யுகோசுலாவியா 10-1 என்னும் கணக்கில் வென்றது. அதன்பின் நம் வீரர் காலணி அணிவது கட்டாயமாயிற்று. காலணி மட்டும் போதுமோ? அந்நாளில் உள்நாட்டு ஆட்டங்கள் 70 நிமிடமே நடைபெற்றன. உலகப் போட்டிகளோ 90 நிமிடம். கடைசி இருபது நிமிடங்களில் கால் தளராதிருக்கும் உரத்தை நம் வீரர் புதிதாகவே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

ரகீம் மற்றொரு குறையையும் கண்டார். பெரும்பாலோர்க்கு ஒரு கால் வலியது; மற்றது துணைக்கு நிற்பது. பகைவர் இதனை அறிந்துகொண்டால் அவ்வலிய காலை மட்டும் அடைத்துவிடுவர். எனவே, வலிகுன்றிய காலால் மட்டுமே பந்தை உதைக்கவேண்டும் என்னும் விதியுடன் அவர் இளைஞர்க்குப் போட்டிகள் நடத்தினார். முதலில் அது நகைப்பிற்குரியதாகவே தோன்றியிருக்கும். இடக்கையால் எழுத முயல்வோனைப் போலக் கால் தடுமாறும். சுவரின்மேல் பந்தை உதைத்து, மீண்டு வருவதை அதே காலால் ஏற்று, நாள்தோறும் பழகுவோர்க்கே அத்தடுமாற்றம் நீங்கும். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டலாகாது என்னும் விதியுடைய போட்டிகளையும் அவர் அமைத்தார். தாமதியாது பந்தைத் தோழனுக்கு அளித்தலும், அளித்தவுடன் வெற்றிடம் நோக்கி ஓடுதலும் அவற்றால் கைவந்தன.

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நிகழ்ந்தது. இந்திய அணி முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்றது. பின்னர்த் தொடர்ந்து வென்று, இறுதியில் அவ்வணியையே மீண்டும் எதிர்கொண்டது. ஜர்னைல் சிங் என்பவர் தடுப்பாட்டக்காரர். தலையில் அடிபட்டுத் தையலிடப்பெற்றிருந்த அவரை ரகீம் முன்னணியில் நிறுத்தினார். பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் இட்டனர். இரண்டும் முதல் இருபது நிமிட அளவில் விழுந்தவை. அதன்பின் ஒரு மணி நேரத்திற்கு மேலாக அம்முன்னணியைக் காத்துநிற்றலே அவர்தம் பணியாயிற்று. இறுதிக்கட்டத்தில் கொரியர் ஒரு கோல் இட்டனர். எனினும் வாயிற்காவலர் பீட்டர் தங்கராஜும் தடுப்பாளரும் தளர்ந்தாரல்லர். இந்தியா 2-1 என்னும் கணக்கில் பொற்பதக்கம் பெற்றது. வீரர்க்கு இத்துணை உடலுரம் ஊட்டிய ரகீம் அப்போது கொடிய புற்றுநோயால் நலிந்திருந்தார்; 1963-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் காலமானார்.