அழைப்பு மணியும் அகத்தின் அமைதியும்

விஞ்ஞானம் மனிதனுக்கு வழங்கியுள்ள வசதிகள் எண்ணற்றவை. கடல் கடந்து வாழும் மகனின் முகத்தை நொடிப்பொழுதில் காணவும், வங்கிக்குச் செல்லாமலே பணம் செலுத்தவும், வரிசையில் நிற்காமல் ரயில் பயணச்சீட்டு பெறவும் இன்று இயலும். ஆயினும், வசதிகள் பெருகிய அளவிற்கு மனஅமைதி பெருகவில்லை. உடலின் உழைப்பு குறைந்திருக்கிறது. உள்ளத்தின் எரிச்சல் வளர்ந்திருக்கிறது. இதன் காரணம் கருவியில் உள்ளதா, அதை விற்பவரிடம் உள்ளதா, அல்லது பயன்படுத்துபவரின் மனத்தில் உள்ளதா என்பதை ஆராய்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

தடைபட்ட ஜபம்

செகந்திராபாத்திலிருந்து கார்கானா, திருமலகிரி வழியாக அல்வாலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் லோத்குண்டா உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் படைப்பிரிவுகளோடு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்தக் கன்டோன்மென்ட் வட்டாரத்தில் வாழ்கின்றனர். அவ்விடத்தில் வாழும் ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரை மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம்.

மாலை வேளை. விளக்கேற்றி, ஜபமாலையைக் கையில் எடுத்து அமர்கிறார் அவர். சிறிது நேரத்தில் கைப்பேசி ஒலிக்கிறது. வெளிநாட்டிலுள்ள மகன் அழைக்கக்கூடும்; மனைவியின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றி ஆய்வகத்திலிருந்தும் அழைக்கக்கூடும். ஆகவே அதை அணைத்து வைக்க இயலாது. எழுந்து சென்று எடுக்கிறார். “ஐயா, உங்களுக்குத் தனிநபர் கடன் ஒப்புதலாகியுள்ளது” என்கிறது ஓர் இளம்பெண்ணின் குரல். அன்று அவருக்கு வந்த மூன்றாவது அழைப்பு அது. அவருடைய பொறுமை அறுந்தது. ஜபம் செய்த அதே நாவிலிருந்து, அந்தப் பெண்ணையும் அவளைப் பெற்றவளையும் இழிவுபடுத்தும் சொற்கள் வெளிவந்தன. மீண்டும் வந்து அமர்ந்தார். மாலை உருண்டது, மனம் உருளவில்லை.

இரவு மாடிவீட்டுப் பெண் படியேறி வந்தாள். கல்லூரிப் படிப்பு முடிந்து ஆறு மாதங்களாக மாதாப்பூர்ப் பக்கம் ஓர் அழைப்பு மையத்தில் பணிபுரிபவள். தொண்டை கட்டியிருந்தது. “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று வினவினார் அன்பர்.

“உடம்புக்கு ஒன்றுமில்லை, மாமா. நாள் முழுவதும் பேசியதால் தொண்டை கட்டிவிட்டது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இன்று ஒருவர் என் அம்மாவைப் பற்றித் தகாத வார்த்தை சொல்லிவிட்டார். யாரை அழைப்பது என்று நானா முடிவு செய்கிறேன்? கணினியே எண்ணைச் சுழற்றுகிறது. எதிரே குரல் கேட்டதும் நான் பேச வேண்டும். அவ்வளவுதான்” என்றாள் அவள்.

அன்பரை அழைத்தவள் அவள் அல்லள். அவளை ஏசியவரும் அன்பர் அல்லர். ஆயினும் அவர் தலை குனிந்தது. தாம் எறிந்த கல் எந்த வீட்டு வாசலில் விழுந்ததோ என்ற எண்ணம் அன்றிரவு அவரை உறங்கவிடவில்லை.

வீழ்ச்சியின் படிவரிசை

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம், 62, 63ஆம் சுலோகங்களில், மனிதனின் வீழ்ச்சியை ஒரு படிவரிசையாகக் காட்டுகிறது. புலன்களுக்குரிய பொருளை மனம் மீண்டும் மீண்டும் எண்ணுவது முதற்படி. அதிலிருந்து பற்று எழுகிறது. பற்று ஆசையாகிறது. ஆசை தடைபடும்போது கோபமாகிறது. கோபம் மயக்கத்தைத் தருகிறது. மயக்கத்தால் நினைவு தடுமாறுகிறது. நினைவு தடுமாறியவனின் விவேகம் அழிகிறது. விவேகம் அழிந்தவன் அழிகிறான்.

அன்பரின் நிலையை இப்படிவரிசையோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். குற்றத்திற்குரியவர் யார் என்ற தெளிவை அவர் கோபத்தில் இழந்தார்; இது மயக்கம். தாம் ஒரு சாதகர், கையில் இருப்பது ஜபமாலை என்பதையே மறந்தார். இது நினைவுத் தடுமாற்றம். சொல்லத்தக்கது எது, தகாதது எது என்ற பகுத்தறிவை இழந்தார். இது விவேக நாசம்.

ஆனால் முதற்படி எங்கே? உறக்கமின்றிச் சிந்தித்தபோது அவருக்கே அது நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு வணிக வளாகத்தின் வாயிலில் புதிய கார் ஒன்றை மேடையில் நிறுத்தியிருந்தனர். பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிப் பெட்டியில் போட்டால் குலுக்கலில் அந்தக் கார் கிடைக்கலாம் என்றனர். அவர் சீட்டை நிரப்பிப் போட்டார். கார் வரவில்லை; அழைப்புகள் வந்தன. விலையின்றி ஒரு பொருளை அடையலாம் என்ற அன்றைய சிறு எண்ணமே, மாலைப் பொழுதில் ஒலித்த மணியாக வந்திருக்கக்கூடும். கதவைத் தட்டியவனைக் கடிந்துகொண்டார். கதவைத் திறந்து வைத்தது யார் என்பதை எண்ணவில்லை.

விளம்பரம் அறிந்து செய்யும் வேலை

வணிகர் தம் பொருளின் தன்மையை அறிவிப்பதில் குற்றமில்லை. இன்றைய விளம்பரமோ பெரும்பாலும் அறிவிப்பதோடு நிற்பதில்லை. கீதை வீழ்ச்சியின் முதற்படி என்று எச்சரித்த அதே இடத்தில் மனிதனை நிற்க வைப்பதே அதன் தொழில்நுட்பமாக உள்ளது. ஒருவர் இணையத்தில் ஒரு முறை குக்கரின் விலையைப் பார்க்கிறார். அந்த வருகை ‘குக்கி’ எனப்படும் சிறு குறிப்பாக அவருடைய கருவியில் பதிகிறது. அதன் பின்னர் அவர் செய்தி படிக்கும் பக்கத்திலும், பஞ்சாங்கம் பார்க்கும் பக்கத்திலும் அதே குக்கர் வந்து நிற்கிறது. மறக்கவிடாமல் எண்ண வைப்பதே இதன் நோக்கம். எண்ணம் பற்றாகும்வரை அது ஓய்வதில்லை.

இவ்வகைத் தந்திரங்கள் கற்பனையல்ல என்பதற்கு நாட்டின் சட்டமே சான்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் பதின்மூன்று ஏமாற்று உத்திகளைப் பெயரிட்டுத் தடை செய்தது. ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றுள் ஒன்று. வாடிக்கையாளர் கேளாத பொருளையோ நன்கொடையையோ பட்டியலில் நுழைத்துவிடுவது மற்றொன்று. முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும், சந்தாவில் சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவதும், வேண்டாம் என்று மறுப்பவரை வெட்கப்பட வைக்கும் வாசகங்களை அமைப்பதும் அப்பட்டியலில் உள்ளன. இவ்வுத்திகளின் அடிப்படை ஒன்றே: மனிதன் நின்று நிதானித்துச் சிந்திக்கும் அந்த ஒரு கணத்தை அவனிடமிருந்து பறிப்பது. சாதகனுக்கோ அந்த ஒரு கணமே பெருஞ்செல்வம். விவேகம் பிறக்கும் இடம் அதுவே.

சிறு இடைவெளி பெருகிய கதை

நிறுவனங்களின் பொய்யைக் கண்டு வெகுள்வது எளிது. பொய் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிவதே பயன் தருவது. இதற்கு ஹைதராபாத் நகரமே ஒரு பாடத்தை அளித்துள்ளது.

1987இல் அந்நகரில் தொடங்கப்பட்ட கணினி நிறுவனம் ஒன்றிற்கு, ‘சத்யம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. அது வளர்ந்து சுமார் 50,000 பேருக்கு வேலை அளித்தது. நிறுவன நல்லாளுகைக்கான விருதை 2008இல் பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் பி. ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவிற்கு எழுதிய கடிதத்தில், கணக்கேடு காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். உண்மையான லாபத்திற்கும் ஏட்டில் காட்டிய லாபத்திற்கும் இடையே தொடக்கத்தில் இருந்தது சிறு இடைவெளியே என்றும், அது ஆண்டுதோறும் பெருகிக் கட்டுக்கடங்காமற் போயிற்று என்றும் அதில் தெரிவித்தார். அளிக்கப்பட்ட விருது திரும்பப் பெறப்பட்டது. 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவருக்கும் வேறு ஒன்பது பேருக்கும் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை ஒட்டி அடுத்த மாதமே அத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் அளிக்கப்பட்டது.

ஒருவரைத் தூற்றுவதற்காக இந்நிகழ்ச்சி இங்கு எடுத்துரைக்கப்படவில்லை. சத்தியம் என்பது பெயர்ப்பலகையில் தங்குவதில்லை, அன்றாடச் செயலில் தங்குகிறது என்பதே இதன் படிப்பினை. ‘சிறு இடைவெளி’ என்ற சொல்லைச் சாதகன் தன் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவும்போது, ‘விதிமுறைகளைப் படித்தேன், ஏற்கிறேன்’ என்ற கட்டத்தை ஒரு வரியும் படிக்காமல் தொடுகிறான் மனிதன். வீட்டில் அமர்ந்துகொண்டே ‘வெளியூரில் இருக்கிறேன்’ என்று தொலைபேசியில் கூறுகிறான். பயன்படுத்திய பொருளைப் ‘பழுது’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறான். இவை சிறு பொய்களே. ஆனால் நிறுவனத்திற்கு ஒரு நீதி, தனக்கு ஒரு நீதி என்று வைத்துக்கொள்பவனின் கோபத்திற்கு அறத்தின் வலிமை கிட்டாது. யமங்கள் ஐந்தில் அகிம்சையை அடுத்துச் சத்தியம் இடம்பெறுகிறது. உண்மை பேசாதவன் பிறரிடம் உண்மையைக் கேட்கும்போது அவன் குரல் உரத்து ஒலிக்கும், ஊடுருவாது.

கோபமின்றிக் கடமை

எனில், அநீதியைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருப்பதுதான் ஆன்மிகமா? அன்று. செயலின்மை சாந்தமாகாது. கோபத்தை விட்டுச் செயலைச் செய்ய வேண்டும். உண்மையில், கோபப்படுபவர் பெரும்பாலும் செயல்படுவதில்லை. கத்தியதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர். அழைப்பு மையப் பெண்ணை ஏசுவதால் எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் ஒரு வரிகூட மாறுவதில்லை. முறையாக எழுதப்பட்ட புகார் மாற்றத்தைத் தரவல்லது.

வேண்டாத வணிக அழைப்புகளைத் தடுக்கும் தேசியப் பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டது. 2011இல் அது விருப்பப் பதிவேடாக விரிவாக்கப்பட்டது. 1909 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசியோ குறுஞ்செய்தி அனுப்பியோ எவரும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். அதன் பின்னும் அழைப்பு வந்தால், அழைத்த எண், நாள், பேசிய பொருள் ஆகியவற்றைக் குறித்து அதே எண்ணில் புகார் அளிக்கலாம். 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி இதற்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. பொருளிலோ சேவையிலோ குறை நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வஞ்சிக்கப்பட்டால் காலந்தாழ்த்தாமல் அழைக்க வேண்டிய எண் 1930. அட்டையிலிருந்து தவணைதோறும் தானாகவே பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அட்டையை வழங்கிய வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த அறிவிப்பைப் படிப்பதும் விழிப்புணர்வின் ஒரு பகுதியே.

லோத்குண்டா அன்பர் மறுநாள் இரண்டு காரியங்களைச் செய்தார். 1909இல் தம் எண்ணைப் பதிவு செய்தார். மகனும் ஆய்வகமும் நெருங்கிய உறவினரும் அழைத்தால் மட்டும் மணி ஒலிக்கும்படி, ஜப வேளைக்கான ஏற்பாட்டைக் கைப்பேசியில் செய்யுமாறு மாடிவீட்டுப் பெண்ணையே கேட்டுக்கொண்டார். மூன்றாவதாக ஒன்றையும் மனத்துள் உறுதி பூண்டார். நான்கு நாள் கழித்து, மதிய உணவின்போது மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. “எனக்குக் கடன் தேவையில்லை, அம்மா. இந்த எண்ணை நீக்கிவிடச் சொல். நீ சாப்பிட்டாயா?” என்றார். எதிர்முனையில் ஒரு கணம் மௌனம். பிறகு, “இன்னும் இல்லை, ஐயா. நன்றி” என்ற சொற்கள் வந்தன. அழைத்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே அந்நிறுவனத்தின்மீது புகாரையும் பதிவு செய்தார். அந்தப் பெண்ணிடம் பரிவு, அந்தச் செயலிடம் உறுதி. இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் சேர்ந்து வாழ இயலும் என்பதை அறிந்த அன்று அவருடைய ஜபம் தடைபடவில்லை.

வாரப் பயிற்சி

முதல் நாள், கைப்பேசியில் தேவையற்ற அறிவிப்பு ஒலிகள் அனைத்தையும் நிறுத்துக. இது முதற்படியில் கதவை அடைப்பது. இரண்டாம் நாள் முதல், இணையத்தில் வாங்க விரும்பும் எப்பொருளையும் ஒரு நாள் காத்திருந்து வாங்குக. பெரும்பாலான ஆசைகள் ஓர் இரவைக் கடக்கும் வலிமையற்றவை. வாரம் முழுவதும், வாடிக்கையாளர் சேவையிலோ பொருள் கொண்டுவரும் இளைஞரிடமோ பேசுமுன் ஒரு முறை இறைநாமத்தை நினைந்து, பின்னர் பேசுக. வார இறுதியில், தீர்க்கப்படாத ஒரு குறையைத் தேர்ந்து, கடுஞ்சொல் ஒன்றும் இன்றி முறையான புகாராக எழுதி அனுப்புக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. சென்ற வாரம் எழுந்த கோபத்தின் முதற்படி எது? அதைத் தூண்டியது கருவியா, நிறைவேறாத ஓர் எண்ணமா?

2. கடுஞ்சொல் சென்று சேர்ந்தது தவறு செய்தவரையா, அங்கே ஊதியத்திற்கு அமர்ந்திருந்த ஓர் எளியவரையா?

3. நிறுவனங்களிடம் எதிர்பார்க்கும் நேர்மை, தன் அன்றாடப் பேச்சிலும் கணக்கிலும் எந்த அளவில் உள்ளது?

கருவிகள் இனியும் பெருகும். அவற்றை விற்போரின் உத்திகளும் நுட்பமாகும். மணி ஒலிப்பதைத் தடுக்க எப்போதும் இயலாது. மணி ஒலித்ததற்கும் மறுமொழி கூறுவதற்கும் இடையே ஒரு மூச்சு நேரம் உள்ளது. அந்த ஒரு மூச்சில் இறைவனை நினைப்பவரின் இல்லத்திலும் உள்ளத்திலும் அமைதி நிலைபெறும்.